புதுப் பதிப்பு வந்துவிட்டது, நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தை என்ன செய்வது?

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து பேர் கூடுகிறோம். பகடை உருட்டுகிறோம், பூதங்களோடு மல்லுக்கட்டுகிறோம், நடுவில் பிராட்டா வாங்கி வந்து சாப்பிடுகிறோம், பிறகு கடைசி ரயிலைப் பிடிக்க இரண்டு பேர் ஓடுகிறார்கள். 2024இல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் திருத்திய விதிநூல் கைக்கு வந்ததும், அந்த உற்சாகத்தில் அடுத்த சந்திப்பிலேயே விதிகளை மாற்றிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

அன்றிரவுதான் எங்கள் பேலடின், அதாவது சத்தியம் செய்துகொண்டு போரிடும் புனித வீரன், ஓராண்டாகத் துரத்திய எதிரியை நேருக்கு நேர் சந்தித்தான். தன் முறை வரும்போது இரண்டு வாள்வீச்சு, இரண்டிலும் தெய்வ அடி, எதிரி காலி என்பது அவன் திட்டம். இதற்காகவே மந்திர இருப்பைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்தான். புதிய விதியில் அந்த அடி ஒரு மந்திரமாகிவிட்டது, ஒரு முறைக்கு ஒன்றுதான் அடிக்கலாம். நான் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன். அந்தப் பாத்திரத்தை ஆடும் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த இரண்டு சந்திப்புக்கும் வேலை இருப்பதாகச் செய்தி அனுப்பினார்.

விதி மோசமில்லை. அதை நான் கொண்டுவந்த நேரமும் விதமும்தான் மோசம். இதைப் படிக்கும் நீங்களாவது கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள்.

இத்தகைய மேசை விளையாட்டுக்கே புதியவர் என்றால் இவ்வளவு தெரிந்தால் போதும். ஒருவர் கதையை நடத்துகிறார். டன்ஜியன் மாஸ்டர் என்பது அவருக்குரிய பெயர், எங்கள் மேசையில் அவர் கதைசொல்லி, அது நான்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்கிறது. எந்த எண்ணுக்கு என்ன தீர்ப்பு என்பது விதிநூலில் இருக்கிறது. அந்த நூலைப் பதிப்பகம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி எழுதும்போதுதான் தலைவலி தொடங்குகிறது.

முதல் படி: எவ்வளவு புதியது என்று பாருங்கள்

அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் பிறந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து 2000இல் வந்த மூன்றாம் பதிப்புக்குப் போனவர்கள், ஏறத்தாழ வேறொரு விளையாட்டுக்கே போனார்கள். பழையதில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம், புதியதில் எண் கூடக் கூடப் பாதுகாப்பு. தலைகீழ். 2008இல் வந்த நான்காம் பதிப்பு மறுபடியும் அடியோடு மாறியது. பிடிக்காதவர்கள் பழைய விதியை விடவில்லை; அந்தப் பழைய விதியின் மேல் கட்டி 2009இல் பைசோ நிறுவனம் பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டையே வெளியிட்டது.

2024இல் வந்தது அப்படிப்பட்டதன்று. பதிப்பகம் அதை ஆறாம் பதிப்பு என்று அழைக்கவும் இல்லை. 2014இன் ஐந்தாம் பதிப்பின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, சதைதான் மாறியிருக்கிறது. கால் ஆஃப் கதுலு என்ற திகில் விளையாட்டின் ஏழாம் பதிப்பும் இந்த வகைதான். உடல்வலிமை 13 என்று இருந்ததை ஐந்தால் பெருக்கி 65 என்று எழுதிக்கொண்டால் பழைய கதைகள் பெரும்பாலும் ஓடும். அதே நேரத்தில் 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு முற்றிலும் புதிது. 2023 நவம்பரில் தொடங்கிய அதன் மறுவார்ப்பு நூல்களோ பெயர்களையும் சில பகுதிகளையும் மாற்றிய திருத்தம் மட்டுமே.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்களிடம் உள்ள பழைய சாகசக் கதைநூல் ஒன்றைத் திறந்து, அதில் வரும் ஏதாவதொரு பூதத்தின் எண்களைப் பாருங்கள். அந்த எண்களைத் தொடாமல் புதிய விதியில் சண்டைக்கு இறக்க முடியுமா? முடியும் என்றால் நீங்கள் செய்வது வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலை. முடியாது என்றால் வீடு மாறுகிறீர்கள். வீடு மாறுவதாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கதையின் நடுவில் வேண்டவே வேண்டாம். அந்தக் கேள்விக்கு மேலும் படிகள் தேவையில்லை: கதையை முடியுங்கள், பிறகு பேசலாம்.

கீழே வருவதெல்லாம் வெள்ளையடிக்கும் வகையைப் பற்றியது. 2014இலிருந்து 2024க்குப் போவதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். எங்கள் மேசையில் நடந்தது அதுதான்.

இரண்டாம் படி: எரிச்சல் பட்டியல்

புதிய நூலில் என்னென்ன நன்றாக இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். இக்கரைக்கு அக்கரை பச்சை. அதனால் நூலைத் திறக்கும் முன்பே, இப்போது ஆடும் ஆட்டத்தில் எது எரிச்சல் தருகிறது என்று எழுதுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஆளுக்கு மூன்று. எங்கள் மேசையில் (இதை நான் தாமதமாக, அந்த அண்ணன் திரும்பி வந்த பிறகு செய்தேன்) சேர்ந்தவை ஏறத்தாழ இவை.

போரின் நடுவில் மருந்துக் குப்பி குடித்தால் அந்த முறை முழுவதும் போய்விடுகிறது. குணப்படுத்தும் மந்திரம் ஒரு எட்டுமுகப் பகடைதான் தருகிறது, அடுத்த அடியிலேயே அது கரைந்துவிடுகிறது. வாள் வைத்திருப்பவருக்கு அடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, மந்திரவாதி மட்டும் வானத்தை வில்லாக வளைக்கிறார். சண்டைகள் இழுத்துக்கொண்டே போகின்றன, ரயில் போய்விடுகிறது. தன் முறை வரும்வரை ஒருவர் கைப்பேசியில் மூழ்கியிருக்கிறார். ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு, அதாவது தேசிய சேவை முடித்தவர்களுக்கான ராணுவப் பயிற்சிக்கு, யாராவது போய்விட்டால் அந்த மாதம் கதை நகர்வதில்லை.

இப்போது புதிய நூலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். மருந்துக் குப்பி: 2024 விதியில் கூடுதல் செயலாகவே குடிக்கலாம், முறை வீணாகாது. குணப்படுத்துதல்: ஒரு பகடை இரண்டாகிவிட்டது. வாள்காரரின் சலிப்பு: ஆயுதத் தேர்ச்சி என்ற புதிய பகுதி வந்திருக்கிறது. ஓர் ஆயுதம் எதிரியைக் கீழே தள்ளும், இன்னொன்று பின்னால் நகர்த்தும், வேறொன்று அடி தவறினாலும் கொஞ்சம் காயம் தரும். ஆறில் மூன்று எரிச்சல் தீர்ந்தது.

மீதி மூன்று? சண்டை இழுப்பது புதிய விதியில் குறையவில்லை. ஆயுதத் தேர்ச்சியால் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக ஒரு முடிவு, சில நேரம் எதிரிக்குக் கூடுதலாக ஒரு பகடை. ரயில் இன்னும் சீக்கிரமாகவே போய்விடும். கைப்பேசிக்கும் ரிசர்விஸ்ட்டுக்கும் எந்தப் பதிப்பும் மருந்து வைத்திருக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அது எங்களுக்கே பொருந்துகிறது என்று சிரித்துக்கொண்டோம். முறைகளுக்கு மணற்கடிகாரம் வைத்தோம், அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது. செலவு மூன்று சிங்கப்பூர் வெள்ளி.

உங்கள் பட்டியலில் பாதிக்குக் குறைவாகத்தான் புதிய நூல் தீர்க்கிறது என்றால் மாற வேண்டாம் என்பது என் கணக்கு. தீர்ப்பவற்றை மட்டும் வீட்டு விதியாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் குப்பியைக் கூடுதல் செயலாகக் குடிப்பதைப் பல மேசைகள் 2024க்கு வெகு முன்பே வீட்டு விதியாக வைத்திருந்தன. அதற்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.

மூன்றாம் படி: காசு கொடுக்கும் முன் இலவசமாகப் படியுங்கள்

புதியவர்கள் பலருக்கும் தெரியாதது, விதிகளின் அடிப்படைப் பகுதி சட்டப்படியே இலவசம் என்பது. விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த இடம் தந்து 2000இல் தொடங்கிய திறந்த உரிமத்தை 2023 ஜனவரியில் பதிப்பகம் மாற்றப் பார்த்தது. விளையாடுவோரும் சிறு பதிப்பாளர்களும் கொந்தளித்தார்கள். அந்த மாத இறுதிக்குள் பதிப்பகம் பின்வாங்கி, 2014 விதிகளின் அடிப்படை ஆவணத்தை, அதாவது எஸ்ஆர்டி 5.1ஐ, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. 2024 விதிகளுக்கான எஸ்ஆர்டி 5.2உம் 2025இல் அதே உரிமத்தில் வந்துவிட்டது.

இதில் உங்கள் முடிவுக்கு வேண்டிய செய்தி இரண்டு. ஒன்று, பழைய விதி நாளை காணாமல் போய்விடும் என்று பயந்து மாற வேண்டியதில்லை. இரண்டு, இரு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காசில்லாமல் ஒப்பிடலாம். ஒவ்வொரு பாத்திர வகைக்கும் ஓர் உட்பிரிவுதான் அதில் இருக்கும். சோதித்துப் பார்க்க அது தாராளம். பாத்ஃபைண்டர் ஆடுபவர்களுக்கு இன்னும் வசதி, ஆர்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் விதிகள் அனைத்தும் இலவசமாகவே கிடக்கின்றன.

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். உங்கள் பாத்திரத்தின் பகுதி, நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் மூன்று மந்திரங்கள், புதிய ஆவணத்தின் கலைச்சொல் பட்டியல். ஒரு பேருந்துப் பயணத்தில் முடிந்துவிடும்.

நான்காம் படி: வெள்ளிக் கணக்கு

ஆடுபவர் நூல், கதைசொல்லி நூல், பூத நூல் என்று மூன்று. மூன்றும் தலா 384 பக்கம், அச்சு விலை தலா 49.99 அமெரிக்க டாலர். டாலருக்கு 1.30 வெள்ளி என்று போட்டால் மூன்றும் 195 வெள்ளி, 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்தால் ஏறத்தாழ 213 வெள்ளி. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் வரி தப்பிக்கும் என்று சில பழைய கைகள் சொல்வார்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இணைய இறக்குமதிக்கும் வரி உண்டு, அனுப்புச் செலவு வேறு.

ஆனால் மூன்றையும் ஒரேயடியாக வாங்க எந்த அவசியமும் இல்லை. மேசைக்கு ஓர் ஆடுபவர் நூல், அதை ஐவரும் பகிர்ந்துகொள்ளலாம். பழைய பூதங்கள் அப்படியே ஓடும் என்பதால் பூத நூலைக் கடைசியில் வாங்கலாம். கதைசொல்லி நூலை முன்பே பல தொடர்களை நடத்தியவர் ஆறு மாதம் தள்ளிப்போட்டாலும் ஒன்றும் குடி முழுகாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில் இடம் என்பதும் ஒரு செலவுதான், அதைச் சிங்கப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்.

காசை விடப் பெரிய செலவு நினைவு. பத்து வருடமாக ஊறிய விதி நாக்கிலேயே நிற்கும். எதிரியை மல்லுக்கட்டிப் பிடிக்க முன்பெல்லாம் இருவரும் உருட்டிப் பார்த்தோம், இப்போது பிடிபடுபவர் மட்டும் தற்காப்பு உருட்டல் போடுகிறார். எதிரியைத் திடீரென்று தாக்கினால் முன்பு அவர் முதல் சுற்றை இழந்தார், இப்போது யார் முதலில் என்று முடிவு செய்யும் வரிசை உருட்டலில் பாதகம் மட்டும், அதாவது இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். சோர்வுக்கு முன்பு ஆறு தனித்தனி விளைவுகளை மனப்பாடம் செய்தோம், இப்போது ஒவ்வொரு படிக்கும் உருட்டலில் இரண்டு கழியும், நடைவேகமும் கொஞ்சம் குறையும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் எளிது. ஒரே இரவில் இருபது இப்படி வந்தால் கதைசொல்லியின் பாடு திண்டாட்டம். முற்றிலும் புதிய விளையாட்டைக் கற்பதைவிடப் பாதி தெரிந்த விளையாட்டைக் கற்பது கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. எது மாறவில்லை என்பதையும் சேர்த்துக் கற்க வேண்டியிருக்கிறது அல்லவா.

ஐந்தாம் படி: ஒரே சண்டையை இரண்டு முறை ஆடுங்கள்

மற்ற படிகளைத் தாவினாலும் இதைத் தாவாதீர்கள். ஒரு மாலை போதும். உங்கள் தொடர்கதையைத் தொடாமல், தனியாக ஒரு சண்டையை அமையுங்கள். மூன்றாம் நிலைப் பாத்திரங்கள் நான்கு, காட்டுப் பாதையில் ஓநாய்க் கூட்டம் ஒன்று. மூன்றாம் நிலை ஏன் என்றால், 2024 விதியில் எல்லாப் பாத்திர வகைகளும் தங்கள் உட்பிரிவை அங்கேதான் தேர்கின்றன. பழையதில் சிலவகை முதல் நிலையிலேயே, சிலவகை இரண்டாம் நிலையில் தேர்ந்தன. இரு பக்கமும் சமமாகும் முதல் இடம் மூன்று.

முதலில் பழைய விதியில் ஆடுங்கள். தேநீர் குடித்துவிட்டு அதே சண்டையைப் புதிய விதியில். ஓநாயையே எடுத்துக்கொண்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2014 ஓநாய் கடித்தால், கடிபட்டவர் வலிமைக்கான தற்காப்பு உருட்டல் போட்டு, 11 வரவில்லை என்றால் கீழே விழுவார். புதிய பூத நூலின் ஓநாய் கடித்தாலே ஆள் கீழே. உருட்டல் இல்லை, வாதம் இல்லை. எங்கள் மேசையில் ஒருவருக்கு இது அநியாயமாகப் பட்டது, இன்னொருவருக்கு இதுதான் ஓநாய் என்று பட்டது. விதிநூலின் முன்னுரையை எத்தனை முறை படித்தாலும் இந்தக் கருத்து வேறுபாடு வெளியே வந்திருக்காது.

ஆடும்போது மூன்றே மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று. எத்தனை முறை புத்தகத்தைத் திறந்தீர்கள். யார் சிரித்தார்கள். மூன்றாவதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. வழக்கமாக அமைதியாக இருக்கும் எங்கள் வில்லாளி, புதிய விதியில் தன் அம்பால் ஓநாயின் வேகத்தைக் குறைத்தபோது எழுந்து நின்றுவிட்டாள். ஒரு வருடத்தில் அவள் எழுந்து நின்றது அன்றுதான்.

புத்தகத்தைத் திறந்த எண்ணிக்கை புதியதில் கூடுதலாகத்தான் இருக்கும், அதை வைத்துத் தோல்வி என்று முடிவு கட்டாதீர்கள். திறந்தபோது விடை உடனே கிடைத்ததா என்று பாருங்கள். 2024 ஆடுபவர் நூலின் பின்னிணைப்பில் விதிச்சொற்கள் அகரவரிசையில் இருக்கின்றன. 2014 நூலில் ஒரு விதி மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். இது ஒன்றுக்காகவே புதியதைப் பிடித்துப்போனவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன்.

ஆறாம் படி: சீட்டு எழுதிக் கேளுங்கள்

"என்ன, மாறிவிடலாமா?" என்று மேசையில் வாய்விட்டுக் கேட்டால் உங்களுக்கு உண்மை கிடைக்காது. நம் பழக்கம் தெரிந்ததுதானே. வயதில் மூத்தவர் சரி என்றால் தம்பிகள் தலையாட்டுவார்கள். வீட்டுக்காரர் ஆசைப்படுகிறார் என்று தெரிந்தால் விருந்தாளிகள் மறுக்க மாட்டார்கள். முதல் நாள் என் மேசையில் இருந்த மௌனத்தைச் சம்மதம் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

அதனால் சீட்டு. பெயர் எழுத வேண்டாம். மூன்று விடை: மாறலாம், வேண்டாம், இந்தக் கதை முடிந்த பிறகு. எங்களில் மூன்று பேர் மூன்றாவதை எழுதியிருந்தார்கள். கேள்வியில் அந்த விடையே இல்லாமல் இருந்திருந்தால் அந்த மூவரும் எந்தப் பக்கம் போயிருப்பார்களோ.

கதைசொல்லியின் வாக்குக்கு மட்டும் ஒரு தனி நியாயம் வைத்திருக்கிறேன். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வாரம் முழுவதும் தயாரிப்பு வேலை அவர் தலையில், தெரியாத விதியை அவர் மேல் திணிக்க முடியாது. ஆனால் அவர் வேண்டும் என்பதால் மட்டும் மாறக் கூடாது. இந்த விதியை எனக்கெதிராக நானே எழுதிக்கொண்டேன்.

மாறுவது என்று முடிவானால்

பழைய பாத்திரத் தாளில் அங்கங்கே அடித்துத் திருத்தாதீர்கள். அதே நிலையில் புதிதாக ஒரு தாளில் முதலிலிருந்து கட்டுங்கள். நிறைய இடங்கள் நகர்ந்திருக்கின்றன. வலிமை, அறிவு போன்றவற்றுக்கான கூடுதல் புள்ளி முன்பு பாத்திரத்தின் இனத்திலிருந்து வந்தது, இப்போது அவர் எங்கே வளர்ந்தார், என்ன தொழில் செய்தார் என்ற பின்னணியிலிருந்து வருகிறது. அந்தப் பின்னணியே முதல் நிலையில் ஒரு சிறப்புத்திறனையும் தருகிறது. திருத்தப் போனால் இதில் ஒன்றை இரண்டு முறை கூட்டிவிடுவீர்கள்.

இனம் என்றதும் ஒரு வேடிக்கை. ஆங்கில நூலில் அந்தச் சொல்லையே மாற்றி, மனித இனப் பாகுபாட்டைக் குறிப்பதற்குப் பதிலாக உயிரின வகையைக் குறிக்கும் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது பெரிய விவாதம். தமிழில் இரண்டுக்கும் "இனம்" என்ற ஒரே சொல்லைத்தான் இத்தனை நாளாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம், எங்கள் தாளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அடையாள அட்டையில் இனம் அச்சிட்டிருக்கும் ஊரில் அமர்ந்து, குள்ளர்களும் எல்ஃப்களும் இனமா உயிரினமா என்று அரை மணி நேரம் பேசினோம். அன்று ஓநாய்கள் வரவே இல்லை.

புதிய நூலின் பத்து இனங்களில் அரை எல்ஃப் இல்லை. உங்கள் பாத்திரம் அதுவென்றால் கலங்க வேண்டாம், புதிய நூலில் மறுபடி வராத பழைய இனங்களையும் பின்னணிகளையும் தொடர்ந்து பயன்படுத்த அந்த நூலே இடம் தருகிறது. ஒரே பெயரில் பழைய மந்திரமும் புதிய மந்திரமும் இருந்தால் மட்டும் புதியதே செல்லும் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தமக்கு லாபமானதைப் பொறுக்கத் தொடங்குவார்கள். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை.

புதிய பாத்திரங்கள் பழையவற்றைவிட ஓரளவு பலசாலிகள். பழைய பூதங்களையே வைத்துக்கொண்டால் சண்டைகள் சற்று எளிதாக முடியும். கூட்டத்தில் ஒரு பூதத்தைச் சேர்த்துவிடுங்கள், போதும்.

பாத்திரத் தாளை இணையக் கருவியில் வைத்திருப்பவர்கள் மாறும் முன் அதைப் பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். 2024 ஆகஸ்டில் இந்த விளையாட்டின் அதிகாரபூர்வ இணையக் கருவியான டி அண்ட் டி பியாண்ட் தளம் பழைய மந்திரங்களையும் மந்திரப் பொருள்களையும் புதியவற்றால் மாற்றப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. அந்த முறை கைவிட்டார்கள். உங்கள் பாத்திரத்தின் ஒரே பிரதி இன்னொருவர் கணினியில் இருக்க வேண்டாம்.

மாறவில்லை என்றால்

ஒன்றும் குறைந்துபோகாது, ஒரு சங்கடத்தைத் தவிர. புதிதாக வருபவர் கையில் புதிய நூலோடு வருவார், ஏனென்றால் கடையில் முன்னால் இருப்பது அதுதான். தமிழில் ஆடும் மேசைகள் இந்த ஊரில் அதிகம் இல்லை. வரும் ஒருவரையும் புத்தகம் சரியில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. உங்கள் மேசையின் வீட்டு விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி, புதியவர் கதவைத் தட்டும் முன்பே அனுப்பிவிடுங்கள். அவருடைய புத்தகத்திலிருந்து எது செல்லும், எது செல்லாது என்பது அதில் இருக்கட்டும்.

நீங்களே அந்தப் புதியவராக இருந்தால், எந்தப் புத்தகமும் வாங்காமல் முதலில் மேசையைத் தேடுங்கள். சேரப்போகும் மேசையின் பதிப்பே உங்கள் பதிப்பு. சமூக மன்ற அறையிலோ புளோக் கீழ்த்தளக் கல்மேசையிலோ நண்பர்களைச் சேர்த்து நீங்களே தொடங்குவதாக இருந்தால் மட்டும் 2024 நூலுக்குப் போகலாம். பழையதை மறக்க வேண்டிய பாரம் உங்களுக்கு இல்லை.

எங்கள் மேசை சீட்டின்படி பழைய விதிக்குத் திரும்பியது. நான் கெடுத்த அந்தச் சண்டையைக் கனவென்று அறிவித்து, மறுபடி ஆடினோம். அண்ணன் இரண்டு தெய்வ அடியையும் அடித்தார், எதிரிக்கு இன்னும் ஒன்பது உயிர்ப்புள்ளி மிச்சம் இருந்தது, வில்லாளிதான் முடித்துவைத்தாள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் கதை முடிந்தது. பொங்கலுக்குப் பிறகு புதிய கதை, புதிய விதி, மூன்று சந்திப்பு வரை யார் கேட்டாலும் திரும்பலாம் என்ற நிபந்தனையோடு. அதற்காக ஒவ்வொருவரின் பழைய தாளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, புதிய தாளுக்குப் பின்னாலேயே செருகி வைத்திருக்கிறேன்.